சாலைக் குழி புகார்ச் செயலி: 9 மாதம், 23 புகார்

போன மழைக்காலத்தில் ஒருநாள் இரவு என் தம்பி வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். சாலையில் தண்ணீர் நிறைந்து கிடந்த ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கி விழுந்துவிட்டான். காறை எலும்பு முறிந்தது. "குழின்னே தெரியலக்கா. ரோட்டு மேல தண்ணி நிக்குதுன்னுதான் நெனச்சேன்" என்றான். மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வளைவு முடிந்து சாலை நேராகும் இடம். தண்ணீர்க் குழாயின் வால்வு மூடிக்குப் பக்கத்தில், முறம் அகலத்துக்கு ஒரு குழி. அங்கேயே நின்று நகர நிர்வாகத்தின் சாலைப் புகார்ச் செயலியைப் போனில் இறக்கி, முதல் புகாரைப் போட்டேன்.

அது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. இதுவரை 23 புகார் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்து, 'முடிந்தது' என்று செய்தி வந்தபோதெல்லாம் நேரில் போய்ப் பார்த்தேன். 14 புகார் முடிந்ததாகச் செய்தி வந்தது. அவற்றில் ஆறு இடங்களில்தான் குழி உண்மையாக மூடப்பட்டிருந்தது. ஐந்தை 'ஏற்கெனவே வந்த புகார்' என்று தள்ளிவிட்டார்கள். நான்கு இன்னும் நிலுவையில் இருக்கின்றன.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விமர்சனம் அந்தக் கண்ணோடு எழுதியது. பதினாறு வருடமாக சிஸ்டம் அனலிஸ்டாக இருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது, எந்தத் தகவல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று உட்கார்ந்து கேட்டு, வரைந்து, அதற்கு மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு செயலியோடு முடிகிற விஷயம் இல்லை.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. புகாரை வாங்கும் பக்கத்துக்கு மட்டும் என்றால் நாலரை தருவேன். வாங்கிய பிறகு நடப்பவற்றுக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். புகார் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. போன் எண்ணுக்கு ஓடிபி வரும், படம் எடுக்க வேண்டும், அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்த படத்தைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் தானாக அனுப்புகிறது. எழுத்து பெரிதாக இருக்கிறது, பொத்தான்கள் குறைவு. வயதானவர்களும் தடுமாறாமல் போடலாம். இந்தப் பக்கத்தை வடிவமைத்தவர்கள் தெருவில் நின்று யோசித்திருக்கிறார்கள்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

என் முதல் புகார் இரண்டே நாளில் 'முடிந்தது' என்று வந்தது. போய்ப் பார்த்தால் குழி அப்படியே இருந்தது. ஆனால் பத்து மீட்டர் தள்ளி, சாலையின் எதிர்ப்பக்கம், ஒரு சின்னக் குழியைப் புதிதாகத் தார் போட்டு மூடியிருந்தார்கள். வந்தவர்கள் ஏமாற்றவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன். குறுஞ்செய்தியில் வந்த வரைபட இணைப்பைத் திறந்து, அட்சரேகை எண்ணைப் பார்த்தேன். தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம்தான் இருந்தது. நான்காவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 11 மீட்டர் தள்ளிப்போகும். ஐந்தாவது இலக்கத்தையும் வைத்திருந்தால் அது 1.1 மீட்டராகக் குறைந்திருக்கும். போனில் இருக்கும் ஜிபிஎஸ், திறந்த வானத்தின் கீழேயே ஏறக்குறைய 5 மீட்டர் ஆரத்துக்குள்தான் சரியாகச் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். ஒரு வாகனத் தடத்தின் அகலமே மூன்றரை மீட்டர் அளவுதான். ஆக, போன் கொடுத்த ஐந்து மீட்டர் பிழை போதாதென்று, சேமிக்கும் இடத்தில் ஓர் இலக்கத்தை வெட்டி இன்னும் சில மீட்டரைக் கூட்டியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் தகவலைச் சேமிக்கும் அட்டவணையை உருவாக்கும்போது நாலு போதும் என்று நினைத்த ஒரு நொடி, தெருவில் வேறொரு குழியை மூட வைக்கப் போதும்.

இதற்குத் தொழில்நுட்பமே தேவையில்லாத மருந்து ஒன்று உண்டு. 'சாலையின் நடுவிலா, ஓரத்திலா? பக்கத்தில் என்ன இருக்கிறது?' என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். வால்வு மூடி பக்கத்தில், இடது ஓரம் என்று நான் எழுதியிருப்பேன்.

சாலைக் குழியைப் புகார் செய்து சரிசெய்யும் அமைப்பு என்பது எங்கள் துறையில் பல காலமாக மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிக் கணக்கு. நானும் படித்தேன், பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தும் இருக்கிறேன். அந்தக் கணக்கில் ஒவ்வொரு குழிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. தெரு முகவரி, ஒன்றிலிருந்து பத்துக்குள் அளவு, நடுவா ஓரமா என்ற இடம், முன்னுரிமை எல்லாம் அதன் கீழ் வரும். தனியாக ஒர்க் ஆர்டர், அதாவது குழுவுக்குப் போகும் வேலை உத்தரவு, உண்டு. எந்தக் குழு, எத்தனை பேர், என்ன கருவி, எத்தனை மணி நேரம், எவ்வளவு கலவை என்று அதில் எழுத வேண்டும். குழியின் நிலையும் நான்கு வகை: வேலை நடக்கிறது, சரிசெய்யப்பட்டது, தற்காலிகமாகச் சரிசெய்யப்பட்டது, சரிசெய்யப்படவில்லை. வாகனமோ உடம்போ சேதமானால் அதைப் பதிய இன்னொரு கோப்பு. வகுப்பறைக் கணக்கிலேயே இருக்கிற இந்த விஷயங்களில் பாதி, நான் பயன்படுத்தும் செயலியில் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை இதுதான்: இந்தச் செயலியில் எண் பெறுவது புகார். குழிக்கு எண்ணே கிடையாது.

என் கதையையே பாருங்கள். வேறு குழியை மூடிவிட்டு முதல் புகாரை முடித்தார்கள். இரண்டாவது புகார் போட்டேன். 'இதே இடத்தில் ஏற்கெனவே புகார் உள்ளது' என்று தள்ளிவிட்டார்கள். அந்த ஏற்கெனவே உள்ள புகார் எது என்று பார்த்தால், முடித்துவிட்ட என் முதல் புகார். அதாவது, மூடிய கோப்பைக் காட்டித் திறந்த குழியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றாவது புகாருக்கு ஆட்கள் வந்தார்கள். தேங்கியிருந்த தண்ணீருக்குள்ளேயே ஜல்லியும் தாரும் கலந்த கலவையை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டி, மேலே தட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாவது மழையில் அது மொத்தமும் பெயர்ந்து வந்தது. நான்காவது புகாரும் 'ஏற்கெனவே உள்ளது' என்று போனது. ஐந்தாவதை நான் வேறு வழியில் போட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

குழி ஒன்று, புகார் ஐந்து. செயலியின் கண்ணில் இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து வரிகள். ஐந்தும் சில நாட்களுக்குள் முடிக்கப்பட்டவை. மாதக் கடைசியில் 'சராசரி முடிப்பு நேரம்' என்று ஓர் அறிக்கை எடுத்தால், என் தம்பி விழுந்த குழி அந்த எண்ணை நன்றாகக் காட்ட ஐந்து முறை உதவியிருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த அறிக்கையைப் பார்க்கும் அதிகாரிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரியும் எண் அப்படித்தான் சொல்கிறது.

குழி, புகார், ஒர்க் ஆர்டர் மூன்றும் தனித்தனிப் பொருள்கள். ஒரு குழிக்குப் பத்துப் பேர் புகார் போடலாம், அந்தப் பத்தும் அந்தக் குழியோடு சேர வேண்டும். ஒரே குழிக்கு மூன்று முறை ஒர்க் ஆர்டர் போகலாம், அதுவும் அதன் வரலாற்றில் நிற்க வேண்டும். இப்படி வைத்திருந்தால், 'ஏற்கெனவே வந்த புகார்' என்பது தள்ளிவிடும் காரணமாகவே இருக்காது. பத்தாவது ஆள் புகார் போட்டால் அந்தக் குழியின் முன்னுரிமை ஒரு படி ஏறும். மூடியதாகச் சொல்லப்பட்ட குழிக்குப் புதுப் புகார் வந்தால், அது மறுபடி திறந்ததாக ஆகும்.

இந்த வரலாறு இருந்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஒரே இடத்தில் சில மாதத்துக்குள் திரும்பத் திரும்பக் குழி விழுகிறது என்றால் காரணம் மேலே இல்லை, அடியில் இருக்கிறது. தார் விரிசல் வழியாகவோ கீழேயிருந்தோ தண்ணீர் போய் அடித்தளத்தை இளக்கிவிடுகிறது. அதன் மேல் வண்டிகள் ஏறி இறங்கும்போது நுண்ணிய மண் தண்ணீரோடு வெளியே தள்ளப்படுகிறது. அடியில் பொந்து விழுந்ததும் மேல்தளம் உடைந்து உள்ளே இறங்குகிறது. என் தம்பி விழுந்த இடத்தில் மழை இல்லாத நாளிலும் ஈரம் இருந்தது. வால்வு மூடிக்குப் பக்கத்தில் கசிவு. முதல் நான்கு புகாரையும் ஒரே இடத்தில் வரிசையாக யாராவது பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். தனித்தனியாக வந்ததால், ஆட்கள் வந்தபோதெல்லாம் தார்தான் கொட்டினார்கள்.

அளவு கேட்கும் விதத்துக்கு வருகிறேன். 'சிறியது, நடுத்தரம், பெரியது' என்று மூன்று படம் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தண்ணீர் நிறைந்திருந்ததால் நான் நடுத்தரம் என்று போட்டேன். தண்ணீர் வற்றிய பிறகு அளந்து பார்த்தேன். குறுக்களவு 50 செ.மீ., ஆழம் 7 செ.மீ. இருந்தது. சாலையின் நிலையை 0 முதல் 100 வரை மதிப்பிட ஏஎஸ்டிஎம் டி6433 என்று ஒரு தரமுறை உண்டு. அதில் குழியின் தீவிரத்தை அகலத்தையும் ஆழத்தையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆழம் 50 மி.மீ.-ஐத் தாண்டி, குறுக்களவும் 450 மி.மீ.-ஐத் தாண்டினால் அது உச்சத் தீவிரம். என் குழி அந்தக் கட்டத்தில் வருகிறது. செயலியில் அது நடுத்தரமாகத்தான் பதிவாகியிருக்கிறது, அதுவும் என் கையாலேயே.

அந்தத் தரமுறையும் சாலையின் ஆரோக்கியத்தைத்தான் அளக்கிறது. வண்டி ஓட்டுபவருக்கு எவ்வளவு ஆபத்து என்பது வேறு கணக்கு. ஒரு சாண் அகலமே உள்ள ஆழமான குழி அங்கே நடுத்தரம்தான். அதுவே வளைவில், விளக்கு இல்லாத இடத்தில், இருசக்கர வாகனங்கள் போகும் தடத்தில் இருந்தால் ஆளைக் கொல்லக்கூடியது. பொதுமக்களிடம் மில்லிமீட்டர் கேட்க முடியாது. ஆனால் வளைவா, இரவில் வெளிச்சம் உண்டா, தண்ணீர் தேங்குகிறதா, யாராவது விழுந்திருக்கிறார்களா என்று கேட்கலாம். இவை எல்லாம் பார்த்தவருக்கு உடனே தெரிகிற விஷயங்கள். அளவைத் துல்லியமாக எடுப்பது நேரில் வரும் ஆய்வாளரின் வேலை, அதற்கு அவருக்குத் தனி இடம் வேண்டும். இங்கே ஆய்வாளர் என்ற படியே இல்லை, புகார் நேராக ஒப்பந்தக் குழுவுக்குப் போகிறது.

மூன்றாவது முறை ஆட்கள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மேஸ்திரியிடம், முதல் புகாருக்கு ஏன் எதிர்ப்பக்கக் குழியை மூடினீர்கள் என்று கேட்டேன். அவர் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். புகார் எண், தெருப் பெயர், அளவு மூன்றும்தான் அச்சாகியிருந்தன. "நம்பர்தான் மேடம் வருது, போட்டோ வராது. தெருவுல போய் எந்தக் குழி தெரியுதோ அதை மூடுவோம். ஒரு நாளைக்கு இத்தனை முடிக்கணும்னு கணக்கு" என்றார். தண்ணீர் தேங்கியிருக்கிறதே என்று கேட்டதற்கு, "வெட்டி எடுத்துச் சுத்தம் பண்ணி காய வைக்கணும்னா அரை நாள் ஆகும். காகிதத்துல அதுக்கு இடமே இல்ல மேடம்" என்றார். இந்த ஒன்பது மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தகவல் அதுதான். நான் எடுத்த படம் சேவையகம் வரை போய் நின்றுவிடுகிறது. குழிக்கு முன்னால் மண்வெட்டியோடு நிற்கும் மனிதரை அது எட்டவே இல்லை. இந்த அமைப்பைத் திட்டமிட்டவர்கள் புகார்தாரரிடம் பேசியிருக்கிறார்கள், அதிகாரியிடம் பேசியிருக்கிறார்கள், மேஸ்திரியிடம் பேசவில்லை. வெயிலில் நின்று வேலை செய்கிற அவருக்கும் ஒரு திரை தேவை என்று யாருக்கும் தோன்றாதது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

முறையான ஒட்டு என்றால் குழியைச் சுற்றிச் சதுரமாக, ஓரம் செங்குத்தாக வெட்டி, தளர்ந்ததை அள்ளி, காய வைத்து, பக்கங்களில் தார்ப் பூச்சு அடித்து, சூடான கலவையை அடுக்கடுக்காகப் போட்டு ரோலரால் அழுத்த வேண்டும். அவசரத்துக்கு அள்ளிக் கொட்டித் தட்டுவதும் தேவைதான். கொட்டும் மழையில் ஆபத்தான குழியை அப்படியே விட்டுவிடுவதைவிட அது மேல். ஆனால் இரண்டுக்கும் செயலியில் ஒரே பெயர்: முடிந்தது. தற்காலிகம் என்று ஒரு நிலை இருந்தால், அந்தக் குழி பட்டியலில் உயிரோடு இருக்கும், காய்ந்த பருவத்தில் நிரந்தர வேலைக்கு அழைக்கும்.

இந்த விஷயத்தில் இந்தச் செயலியை மட்டும் குறை சொல்ல முடியாது. நகரப் புகார்களைப் பரிமாறிக்கொள்ள உலகெங்கும் பயன்படும் ஓப்பன்311 என்ற திறந்த தரமுறையிலேயே ஒரு புகாருக்கு இரண்டே நிலைதான்: திறந்தது, மூடியது. மற்றதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். பரிமாற்றத்துக்கு அது போதும். வேலையை நடத்த அது போதாது.

மூடுவது யார் என்பதும் முக்கியம். இங்கே வேலை செய்த குழுவே மூடுகிறது. பிரிட்டனில் மைசொசைட்டி என்ற அமைப்பு 2007-ல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில், புகார் போட்டு நான்கு வாரம் கழித்து, சரியாகிவிட்டதா என்று போட்டவரையே கேட்டு அஞ்சல் வரும். நிர்வாகம் சரியாகிவிட்டது என்று சொன்னதும் பொதுமக்கள் சொன்னதும் அங்கே தனித்தனியாகத் தெரியும். பக்கத்தில் ஏற்கெனவே உள்ள புகார்களும் வரைபடத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்தத் தளத்தின் நிரல் திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். என் செயலியில் என் புகாரை நான் மட்டும்தான் பார்க்க முடிகிறது.

சேதப் பதிவு இல்லாததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூயார்க்கில், ஒரு குறை பற்றி நகரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கப்பட்டு, 15 நாளுக்குள் சரிசெய்யாமல் விட்டிருந்தால்தான் விபத்துக்கு நகரத்தைப் பொறுப்பாக்க முடியும் என்று சட்டம் இருக்கிறது. அதற்காகவே அங்கே வழக்கறிஞர்கள் சேர்ந்து நடைபாதைக் குறைகளை வரைபடமாக்கி நகரத்திடம் கொடுத்தார்கள். தேதியோடு நிற்கும் ஒரு புகாருக்கு அவ்வளவு எடை உண்டு. தம்பியின் விபத்தைப் பதிய இந்தச் செயலியில் ஒரு பெட்டிகூட இல்லை, 'கூடுதல் விவரம்' என்ற இடத்தில் 100 எழுத்துக்குள் எழுதினேன்.

புதிய பதிப்பில் போனின் குலுக்கலை வைத்துக் குழியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி வரப்போகிறதாம். அவசரப்பட வேண்டாம் என்பேன். பாஸ்டன் நகரம் 2012-ல் ஸ்ட்ரீட் பம்ப் என்று இதையே செய்து பார்த்தது. குலுக்கல்களில் நிறைய, குழியாக இல்லாமல் சாலைமட்டத்துக்கு ஒத்துவராத பாதாள மூடிகளாக இருந்தன. ஸ்மார்ட்போன் அதிகம் இல்லாத பகுதிகளின் சாலைகள் கணக்கில் வராமல் போகும் என்ற கவலையும் எழுந்தது. வந்த புகாரை முடிக்கத் தெரியாத அமைப்புக்கு இன்னும் ஆயிரம் புகாரைக் கொண்டுவந்து கொட்டுவதால் குழி மூடாது.

ஐந்தாவது புகாரைச் சொல்கிறேன் என்றேன். அதைச் சாலைப் பிரிவில் போடாமல் 'குடிநீர்க் கசிவு' என்று போட்டேன். நான்கு நாளில் வந்து வால்வைச் சரிசெய்து, தோண்டிய பள்ளத்தை மண்ணால் மூடிவிட்டுப் போனார்கள். புகார் முடிந்தது. சாலை அப்படியே கிடந்தது, ஏனென்றால் ஒரு துறையின் புகார் முடிந்தால் அடுத்த துறைக்குத் தகவல் போக இங்கே வழி இல்லை. நான் பழைய நான்கு எண்களையும் படங்களையும் அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த இளம் பொறியாளர் பொறுமையாகக் கேட்டார், அடுத்த வாரம் ஆள் அனுப்பினார். சதுரமாக வெட்டி, சூட்டுக் கலவை போட்டு, ரோலர் ஓட்டினார்கள். அதன் பிறகு எத்தனையோ மழை வந்துவிட்டது, ஒட்டு அப்படியே நிற்கிறது. தம்பி இப்போதும் அந்த வழியாகத்தான் வருகிறான்.

நீங்கள் இதுபோன்ற செயலியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் செய்யுங்கள். இரண்டு படம் எடுங்கள். ஒன்று குழிக்குள் ஒரு பேனாவையோ தண்ணீர் பாட்டிலையோ வைத்து, இன்னொன்று பக்கத்துக் கம்பமோ கடைப்பலகையோ தெரியும்படி தள்ளி நின்று. போக்குவரத்து இல்லாத நேரம் பார்த்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பழைய புகார் எண் இருந்தால் புதிய புகாரின் விவரத்தில் அதை எழுதுங்கள். அமைப்பு இணைக்காவிட்டாலும் படிக்கும் மனிதர் இணைத்துப் பார்க்கக்கூடும்.

இதையெல்லாம் ஆறு பக்கமாக எழுதி, ஒரு குழி எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று காட்டும் படமும் வரைந்து, செயலியின் ஆலோசனை முகவரிக்கு அனுப்பினேன். போன மாதப் புதுப்பிப்பில் இடக்குறியை விரலால் நகர்த்தும் வசதி வந்திருக்கிறது, இலக்கமும் ஆறாகியிருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது. அரை மதிப்பெண் அதற்காகத்தான். மேஸ்திரியின் கைக்குப் படம் போய்ச் சேரவும், குழிக்கு ஓர் எண் கிடைக்கவும் காத்திருக்கிறேன். அவை வந்த அன்று இந்த மதிப்பெண்ணைத் திருத்தி எழுதுவேன்.